ஏ.டி.சி. பேசும் முன்பே கணக்குப் போடுங்கள்: சிமுலேட்டரில் இறக்கத்தைத் தொடங்கும் நேரம்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுபவருக்குப் புறப்பாடு இரண்டு நாளில் கைவந்துவிடும். தரையிறக்கமும் பத்துப் பதினைந்து முயற்சியில் ஓரளவு படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இறக்கம்தான் பலரைப் பல மாதங்கள் படுத்துகிறது. நான் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு மாலை, இலங்கையின் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு 35,000 அடியில் வந்துகொண்டிருந்தேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு, மோட்டாரை அணைக்க எழுந்து ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது சென்னைக்கு 70 கடல்மைல்தான் மிச்சம் இருந்தது, ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அதுவரை வாயே திறக்கவில்லை. அது கூப்பிடட்டும் என்று நான் காத்திருந்தேன், அதுவோ நான் கேட்பேன் என்று காத்திருந்தது போலும். அன்று ஓடுபாதைக்கு மேலே 9,000 அடி உயரத்தில் பறந்து போனேன்.

அதே கட்டுநாயக்கா–சென்னைப் பயணத்தையே இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நேர்த்தூரம் ஏறக்குறைய 350 கடல்மைல். திசை கிட்டத்தட்ட நேர் வடக்கு, அதிலும் இம்மியளவு கிழக்குச் சாய்வு இருப்பதால், கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்குரிய ஒற்றைப்படை ஆயிரங்களில் உள்ள உயரங்கள் பொருந்தும். 35,000 அடியைத் தேர்ந்தெடுக்கலாம். பயணம் மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் ஒரே மாலையில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்க்க முடியும்.

முதற்படி: புறப்படும் முன்பே இறங்குமிடத்தைப் பாருங்கள்

இறக்கத்துக்கான வேலை தரையில் நிற்கும்போதே தொடங்குகிறது. போய்ச்சேரும் விமான நிலையத்தின் உயரம், பயன்பாட்டில் இருக்கப்போகும் ஓடுபாதை, வழியில் மலை உண்டா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னை கடல்மட்டத்திலிருந்து ஐம்பதடிச் சொச்சம்தான் என்பதால் கணக்கில் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. பெங்களூரோ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இதே 35,000 அடியிலிருந்து அங்கே இறங்குபவர் 32,000 அடி மட்டுமே இறங்குகிறார், அதாவது 9 கடல்மைல் தாமதமாகவே தொடங்கலாம்.

ஓடுபாதையைப் பொறுத்தவரை, சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு 07, 25 என்ற இரண்டு முனைகள் உண்டு. கிழக்கிலிருந்து காற்றடித்தால் 07. மேற்கிலிருந்து அடித்தால் 25. தெற்கிலிருந்து வரும் நமக்கு இது வெறும் எண் வேறுபாடாகத் தோன்றும், ஆனால் பறக்க வேண்டிய தூரமே மாறுகிறது. 07-இல் இறங்குவதானால் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு புள்ளியை நோக்கிப் போய் வலப்பக்கம் திரும்பினால் போதும். 25-இல் இறங்குவதானால் விமான நிலையத்தைத் தாண்டி வங்கக்கடலின் மேல் சென்று, இடப்பக்கம் நன்றாக வளைந்து திரும்பி வர வேண்டும். நேர்த்தூரம் 60 கடல்மைல் என்று கருவி காட்டும் இடத்தில், பறக்கும் தூரம் 07-க்கு ஏறக்குறைய 67, 25-க்கு 74. இந்த 7 கடல்மைல் வேறுபாடு 2,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சமம். சென்னையின் கோடைக்காலத்தில் காலையில் மேற்குக் காற்றாக இருந்தது பிற்பகலில் கடற்காற்றாக மாறும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததே. நேரடி வானிலையை இணைத்து ஓட்டுபவர்களுக்கு நடுவானில் ஓடுபாதை மாறுவதற்கு அதுவே காரணமாகும்.

இரண்டாம் படி: மூன்றால் பெருக்குங்கள்

உலகெங்கும் விமானிகள் மனக்கணக்காகப் போடும் விதி மிக எளிமையானது. இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து மூன்றால் பெருக்கினால், தேவையான தூரம் கடல்மைலில் கிடைத்துவிடும். 3 பாகைச் சரிவில் ஒரு கடல்மைலுக்கு 318 அடி இறங்குகிறோம் என்பதே இதன் அடிப்படை. 35-ஐ மூன்றால் பெருக்கினால் 105. வேகத்தைக் குறைக்க இன்னும் 10 கடல்மைல் வேண்டும், ஆகவே 115. பயணிகள் ஜெட் விமானங்கள் அத்தனைக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும்.

இந்த 115 என்பது பறக்கப்போகும் தூரம் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன வளைவுகளைக் கழித்துப் பார்த்தால், 07-இல் இறங்குபவர் சென்னைக்கு நேர்த்தூரம் 108 கடல்மைல் இருக்கும்போதும், 25-இல் இறங்குபவர் 101 இருக்கும்போதும் இறங்கத் தொடங்க வேண்டும். புதியவர்கள் கருவியில் தெரியும் நேர்த்தூரத்தையே எடுத்துக்கொண்டு குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பின்காற்று இருந்தால் விமானம் இறங்குவதற்குள் கூடுதல் தூரம் போய்விடும். 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) பின்காற்றுக்கு 2 கடல்மைல் சேர்த்துக்கொள்வது என் வழக்கம், எதிர்காற்றுக்கு அதே அளவைக் கழித்துவிடுவேன். கட்டுநாயக்காவிலிருந்து வடக்கே வருபவருக்கு இது பெரும்பாலும் பொருட்டில்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான காற்று வீசும். அந்த மாதங்களில் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு வருபவருக்கு அது முழுக்கப் பின்காற்று. 50 நாட் என்றால் 10 கடல்மைல் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும்.

விமானத்தின் கணினியே இறக்கத் தொடக்கப் புள்ளியைத் திரையில் காட்டுகிறதே, பிறகு எதற்கு இந்த வாய்ப்பாடு என்று கேட்கலாம். அந்தப் புள்ளி, நீங்கள் பதிந்து வைத்த பாதையும் ஓடுபாதையும் உயரக் கட்டுப்பாடுகளும் சரியாக இருந்தால் மட்டுமே சரி. ஏ.டி.சி. ஒரு திருப்பத்தைக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதையே காலாவதி ஆகிவிடுகிறது. அப்போது மூன்றாம் வாய்ப்பாடுதான் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்

35,000 அடியில் தரைவேகம் 450 நாட் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏழரைக் கடல்மைல் நகர்கிறீர்கள். அனுமதி கிடைக்க ஒரு நிமிடம் தாமதமானால் 2,500 அடி உயரத்தைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு போகிறீர்கள் என்று பொருள். ஆகவே கணக்கிட்ட புள்ளிக்கு 20 கடல்மைல் முன்னதாக, அதாவது சுமார் மூன்று நிமிடத்துக்கு முன்பே, இறக்கம் கேட்டுவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 25-இல் இறங்குபவர் 120 கடல்மைலில் கேட்கலாம்.

கேட்கும் முறை, எந்த ஏ.டி.சி.யுடன் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிமுலேட்டருடன் சேர்ந்தே வரும் ஏ.டி.சி. பெரும்பாலும் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இயங்குகிறது. உயரத்தைக் குறைக்கக் கோரும் வரி அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்பதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது கொடுக்கும் உயரம் சில நேரம் மிகச் சீக்கிரமாக வரும், சில நேரம் மிகத் தாமதமாக வரும். தனியே வாங்கிச் சேர்க்கும் ஏ.டி.சி. மென்பொருள்கள் இந்த விஷயத்தில் பொதுவாக மேல். சிலவற்றோடு குரலிலேயே பேசலாம்.

மூன்றாவது வகை, வாட்சிம், ஐவாவோ போன்ற வலையமைப்புகளில் மனிதர்களே கட்டுப்பாட்டாளராக அமரும் முறை. வாட்சிம் 2001 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டு வருகிறது. அங்கே எதிர்முனையில் இருப்பவரும் நம்மைப் போல வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர். ஒரே நேரத்தில் பத்து விமானங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். “ஸ்டாண்ட்பை” (பொறுங்கள்) என்று அவர் சொன்னால் மறுபடி அழைக்காமல் காத்திருங்கள், ஆனால் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அந்தப் பகுதியில் கட்டுப்பாட்டாளர் எவரும் இல்லையெனில் 122.800 அலைவரிசையில் உங்கள் எண்ணத்தை அறிவித்துவிட்டு, கணக்கிட்ட இடத்தில் நீங்களே இறங்கத் தொடங்கலாம்.

பயண நேரத்தைச் சுருக்க சிமுலேட்டரின் ஓட்டத்தை நான்கு மடங்காக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான்கு மடங்கில் மூன்று நிமிடம் என்பது நாற்பத்தைந்து நொடிதான். 150 கடல்மைல் வந்ததும் இயல்பு வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

நான்காம் படி: சொன்னது என்ன என்று கேளுங்கள்

அனுமதியின் சொற்களில் நேரம் ஒளிந்திருக்கிறது. “டிசென்ட் அண்ட் மெயின்டெய்ன்” என்றோ “டிசென்ட் டு” என்றோ வந்தால், பதில் சொன்ன கையோடு இறங்கத் தொடங்க வேண்டும். “வென் ரெடி” என்றோ, அமெரிக்க வழக்கில் “பைலட்ஸ் டிஸ்கிரிஷன்” என்றோ சேர்ந்து வந்தால், தொடங்கும் நேரம் உங்கள் கையில். நீங்கள் கணக்கிட்ட புள்ளி வரை அதே உயரத்தில் பறக்கலாம். ஆனால் விட்டு இறங்கிய உயரத்துக்குத் திரும்பி ஏறக் கூடாது. “எக்ஸ்பெடைட்” என்று வந்தால் இயன்ற மட்டும் வேகமாக இறங்கச் சொல்கிறார்கள். முடியாததைச் செய்யச் சொன்னால் “அனேபிள்” (இயலாது) என்று சொல்லிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்க விமானிகளுக்கான எஃப்.ஏ.ஏ. (அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம்) கையேடு சொல்லும் ஒரு நடைமுறை எங்கு ஓட்டினாலும் நல்ல பழக்கம்: கொடுக்கப்பட்ட உயரத்துக்கு 1,000 அடி மேலே வரும் வரை விமானத்துக்கு இயல்பான வேகத்தில் இறங்கி, கடைசி ஆயிரம் அடியை நிமிடத்துக்கு 500 முதல் 1,500 அடிக்குள் இறங்குவது.

அனுமதி வாங்கிய பிறகும் விமானம் இறங்காமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏர்பஸ் 320-இல் புதிய உயரத்தைத் திருகி வைத்தால் மட்டும் போதாது, அந்தக் குமிழை உள்ளே அழுத்தினாலோ வெளியே இழுத்தாலோதான் இறக்கம் தொடங்கும். விமானம் தானாகத் தொடங்காது. போயிங் 737-இல் வி-நேவ் (உயரப் பாதையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் முறை) இயங்கிக்கொண்டிருந்து, மேலே உள்ள பலகையில் குறைந்த உயரம் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தால், புள்ளி வந்ததும் அதுவே இறங்கத் தொடங்கிவிடும். வைக்க மறந்தால் உயரத்தை மாற்றச் சொல்லிக் கணினித் திரையில் எச்சரிக்கை வரும். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்கு மாறுபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

ஐந்தாம் படி: இறங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்

தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 பாகைச் சரிவுக்குத் தேவையான இறங்குவேகம் கிடைக்கும். 450 நாட் என்றால் நிமிடத்துக்கு 2,250 அடி. 300 என்றால் 1,500. இறுதியில் 140 என்றால் 700. வேகம் குறையக் குறைய இறங்குவேகமும் குறைய வேண்டும் என்பதால், தொடக்கத்தில் வைத்த எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது எண், பறக்க வேண்டிய தூரத்தோடு ஒப்பிட்ட உயரம். 70 கடல்மைலில் 20,000 அடி, 40-இல் 10,000 அடி, 10-இல் 3,000 அடி என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். முதலிரண்டிலும் வேகம் குறைப்பதற்கான 10 கடல்மைல் சேர்ந்தே இருக்கிறது. அமெரிக்காவில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வேறு பல நாடுகளிலும் இதையொத்த வரம்பு உண்டு. 300 நாட் வேகத்தில் இறங்கி வரும் விமானம் 250-க்குக் குறைய நேரம் எடுக்கும். நவீன ஜெட் விமானங்கள் வழுக்கிக்கொண்டு போகும் இயல்புடையவை. இறங்கவும் செய்து, அதே நேரத்தில் வேகத்தையும் குறைப்பது அவற்றால் ஆகாது. இரண்டில் ஒன்றை முதலில் முடிக்க வேண்டும்.

சீக்கிரம் இறக்கிவிட்டால்

இது தொல்லை குறைந்த பிழை. 160 கடல்மைலிலேயே இறங்கச் சொல்லிவிட்டால் நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் மெல்ல இறங்கத் தொடங்குங்கள். முன்னே போகப்போக உங்கள் சரிவுக்கோடு மேலிருந்து வந்து உங்களைச் சந்திக்கும், அங்கிருந்து இயல்பான இறக்கத்தைத் தொடரலாம். ஏர்பஸ், போயிங் கணினிகளும் முன்கூட்டிய இறக்கத்தில் இதைத்தான் செய்கின்றன. எரிபொருள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் மலைப்பகுதியில் இந்த அலட்சியம் ஆகாது. கோயம்புத்தூருக்கு வடமேற்கே நீலகிரி நிற்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,600 அடிக்கு மேல். மென்பொருள் ஏ.டி.சி. கொடுக்கும் உயரம் மலையைக் கணக்கில் எடுத்ததுதான் என்று நம்பிவிடாமல், வரைபடத்தில் அந்தப் பகுதிக்குக் குறித்திருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைப் பார்த்து, அதற்குக் கீழே இறங்க மறுத்துவிடுங்கள்.

தாமதமாகிவிட்டால்

தொட்டி வழிந்த அந்த மாலையைக் கணக்காகப் பார்ப்போம். 70 கடல்மைலில் 35,000 அடி: ஒரு கடல்மைலுக்கு 500 அடி இறங்க வேண்டும், 450 நாட் வேகத்தில் அது நிமிடத்துக்கு 3,750 அடி. வேகம் குறைக்க இடமே வைக்காமல் போட்ட கணக்கு இது. நான் மூக்கைக் கீழே அமுக்கினேன், வேகம் சிவப்புக் கோட்டை எட்டியது, நிமிர்த்தினேன், உயரம் அப்படியே நின்றது.

செய்திருக்க வேண்டியது வேறு. அனுமதி வராமல் காத்திருக்கும் நேரத்திலேயே, ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்) இல்லாமல் பறக்கத்தக்க குறைந்த வேகத்துக்கு அருகே விமானத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு நிமிடமும் விழுங்கும் தூரம் குறைகிறது. அனுமதி வந்தபின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை ஏற்றிக்கொண்டே செங்குத்தாக இறங்கவும் இடம் கிடைக்கிறது. “ஸ்டாண்ட்பை” வந்தால் வேகத்தைக் குறையுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இறங்கத் தொடங்கியபின் என்ஜினை முழுக்கக் குறைத்துவிட்டு இறக்கைமேல் எழும் ஸ்பீட் பிரேக்கை விரியுங்கள். அது வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் நன்றாக இழுக்கும். ஆகவே உயரத்தை முதலில் கரைத்து, வேகத்தைப் பிறகு குறைப்பது பயன்தரும். இறக்கம் முடிந்ததும் அதை மடக்க மறந்துவிட்டு, விமானம் ஏன் இவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று வியக்காத புதியவர் அரிது. கீழே வந்தபின் சக்கரங்களை முன்கூட்டியே இறக்குவதும் நல்ல இழுவையைத் தரும். அதற்கான வேக வரம்பை மட்டும் மீறாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு உயரம் மிஞ்சினால் தூரத்தைக் கூட்டுங்கள். பத்துக் கடல்மைல் கூடுதலாகப் பறந்தால் 3,000 அடி கரையும். மனிதக் கட்டுப்பாட்டாளரிடம் உயரம் அதிகமாக இருக்கிறது, இறங்கக் கூடுதல் தூரம் வேண்டும் என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு திருப்பமோ ஒரு முழு வட்டமோ கிடைக்கும். மென்பொருளிடம் அப்படிக் கேட்க வழியில்லையென்றால், தரையிறக்கத்தைக் கைவிட்டுச் சுற்றிவருவதாக அறிவியுங்கள்.

எதைச் செய்தாலும் ஐ.எல்.எஸ். (கருவிவழித் தரையிறக்க அமைப்பு) காட்டும் சரிவு அலையை மேலிருந்து பிடிக்க முயலாதீர்கள். அதற்கு மேலே பொய்யான செங்குத்துச் சரிவுகளும் உண்டு. அவற்றில் ஒன்றை ஆட்டோபைலட் பற்றிக்கொண்டால் மூக்கு திடீரென்று நிமிரவோ தாழவோ கூடும். 10 கடல்மைலில் 3,000 அடி என்று சொன்னது, சரிவைக் கீழிருந்து சந்திப்பதற்காகத்தான்; அந்த இடத்தில் சரிவு ஏறக்குறைய 3,200 அடியில் இருக்கும்.

அழுத்தமானியும் சிறு விமானங்களும்

உயரத்தில் எல்லோரும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அழுத்தத்தை வைத்துப் பறக்கிறார்கள். இறங்கும்போது உள்ளூர் அழுத்தத்துக்கு மாற வேண்டும். மாறும் உயரம் அமெரிக்காவில் 18,000 அடி, வேறு பல நாடுகளில் அதைவிடக் குறைவு. மாற்ற மறந்தால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி வீதம் உயரம் தவறும். நீங்கள் சரியான உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, ஏ.டி.சி. கொடுத்த உயரத்துக்குப் போகச் சொல்லித் திரும்பத் திரும்ப நச்சரிப்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் பி விசையை அழுத்தினால் மாறிவிடும்.

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் தூரக் கணக்கைவிட நேரக் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 500 அடி இறங்கினால் 5,000 அடிக்குப் பத்து நிமிடம். 120 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 2 கடல்மைல் என்பதால் 20 கடல்மைல் முன்னே தொடங்கினால் போதும்.

பழகுவதற்கு ஒரே பயணத்தை முழுதாகப் பலமுறை ஓட்ட வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே 150 கடல்மைலில், 35,000 அடியில், எல்லாம் அமைதியாக இருக்கும் கணத்தில் பயணத்தைச் சேமித்து வையுங்கள். அங்கிருந்து முதலில் 07-இல் இறங்குங்கள். பிறகு காற்றை மாற்றி 25-இல் இறங்குங்கள். மூன்றாம் முறை, வேண்டுமென்றே 80 கடல்மைல் வரை இறங்காமல் இருந்து, எங்கே சமாளிக்க முடிகிறது, எங்கே வட்டமடிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் 70, 40, 10 ஆகிய தூரங்களில் உங்கள் உயரத்தையும் வேகத்தையும் தாளில் குறித்துக்கொண்டால், அடுத்த முறை அனுமதியை இன்னும் எத்தனை கடல்மைல் முன்னே கேட்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.